தேர் நிலைக்கு வந்த பிறகு ஓட்டு

வாக்காளர் வருவதற்கு முன்னால் வேட்டுச் சத்தம் வந்தது. 2019 ஏப்ரல் 18, வியாழக்கிழமை. மாசி வீதிக்கு இரண்டு சந்து தள்ளி ஒரு பள்ளிக்கூடம், அதில் ஒன்றாம் வகுப்பு அறைதான் எங்கள் வாக்குச்சாவடி. ஐந்தரைக்கு மாக் போல், அதாவது ஒத்திகை வாக்குப்பதிவு, ஆரம்பித்து, ஏஜென்ட்டுகள் முன்னால் ஐம்பது ஓட்டு போட்டுக் காட்டி, விவிபேட் இயந்திரம் அச்சிட்ட சீட்டை எண்ணிக் காட்டி, எல்லாவற்றையும் அழித்து சீல் வைத்து நிமிர்ந்தால் மணி ஏழு. வாசலில் ஆள் இல்லை. பந்தோபஸ்துக்கு வந்த ஏட்டய்யா கேட்டுக்கு வெளியே போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "தேரு கெளம்பிருச்சு டீச்சர். இனிமே மத்தியானத்துக்கு மேலதான்."

மதுரைக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வருஷம் மீனாட்சி கல்யாணத்துக்கு மறுநாள், தேரோட்டத்தன்று, மக்களவைத் தேர்தல். அன்று சாயங்காலம் எதிர்சேவை, ஊருக்கு வருகிற அழகரை எதிர்கொண்டு வரவேற்பது. அடுத்த நாள் விடியற்காலை அழகர் ஆற்றில் இறங்குகிறார். தேதியை மாற்றச் சொல்லி உயர் நீதிமன்றம் வரை போனார்கள். பெரிய வியாழன் என்று கிறிஸ்தவர்களும் கேட்டார்கள். ஆணையம் தேதியை மாற்றவில்லை, மதுரைக்கு மட்டும் நேரத்தை நீட்டித்தது. மற்ற ஊர்களில் மாலை ஆறு மணியோடு முடியும், எங்களுக்கு இரவு எட்டு.

நான் அன்றைக்கு பி.ஓ. ஒன்று, அதாவது முதலாம் வாக்குப்பதிவு அலுவலர். பட்டியலைக் கையில் வைத்திருப்பவள். வருபவரின் வரிசை எண்ணையும் பேரையும் ஏஜென்ட்டுகள் காதில் விழும்படி சத்தமாகப் படிக்க வேண்டும். ஆணென்றால் சிவப்பு மையில் ஒரு குறுக்குக்கோடு. பெண்ணென்றால் கோட்டோடு வரிசை எண்ணைச் சுற்றி ஒரு வட்டமும். பி.ஓ. இரண்டு விரலில் மை வைத்து, 17ஏ ரிஜிஸ்டரில் கையெழுத்து வாங்கி, சீட்டுக் கொடுப்பார். பி.ஓ. மூன்று அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டு கன்ட்ரோல் யூனிட் பட்டனை அமுக்குவார். எல்லாருக்கும் மேலே தலைமை அலுவலர். எழுதினால் இவ்வளவுதான். நிற்காமல் வரிசை ஓடினால் ஒரு ஆளுக்கு ஒரு நிமிஷம் கூட ஆகாது. ஒருவர் பேரில் சிக்கல் வந்துவிட்டால் பத்து நிமிஷம் போய்விடும், பின்னால் நிற்கிற நாற்பது பேரும் வெயிலில்.

காலையில் ஈ ஓட்டினோம். தேர் நிலைக்கு வந்து சேர்ந்ததும் ஒரே தள்ளாக வந்தார்கள். நெற்றியில் குங்குமம், கையில் பிரசாதப் பை, வடம் பிடித்துக் கன்றிய உள்ளங்கை. பி.ஓ. இரண்டாக இருந்த தம்பி ஒருவர் கையைப் பிடித்து மை வைக்கப் போய் "அண்ணே, கைய கழுவிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. வெல்லப் பாகு. சாயங்காலம் இன்னொரு கூட்டம். அதில் தலையில் உருமால், காலில் சலங்கையோடு ஒரு பையன் சலசலவென்று உள்ளே வந்தான். கையில் பிடித்திருந்த திரியைக் கூட்டாளியிடம் கொடுத்து வாசலில் நிறுத்தியிருந்தான். கட்சிச் சின்னம் ஏதும் இருக்கிறதா என்று ஏஜென்ட்டுகள் மேலும் கீழும் பார்த்தார்கள். கருப்பசாமிக்கு எந்தக் கட்சியும் இல்லை என்று தலைமை அலுவலர் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

இரவு எட்டு மணிக்கு வரிசையில் நின்றவர்களுக்குச் சீட்டுக் கொடுத்தோம். கடைசியில் நிற்பவரிடம் ஆரம்பித்து முன்னால் வர வேண்டும் என்பது விதி. முன்னாலிருந்து ஆரம்பித்தால் நாம் கொடுத்துக்கொண்டு போகப் போக வால் வளர்ந்துகொண்டே இருக்கும். தேர்தல் விதிகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். யாரோ ஒருத்தர் நிஜமான வரிசையைப் பார்த்து எழுதியிருக்கிறார். எட்டு ஐந்துக்கு தல்லாகுளத்திலிருந்து மூச்சிரைக்க ஒரு தம்பதி. சீட்டு முடிந்துவிட்டது என்றோம். அந்தம்மா சொன்னது: "அழகரே இன்னிக்கு லேட்டாத்தேன் வந்தாரு டீச்சர், நாங்க என்ன செய்ய?" எனக்கும் ஒன்றும் செய்ய முடியவில்லை. கேட் பூட்டியாகிவிட்டது.

அந்தத் தேர்தலில் மதுரையில் 66 சதவீதத்தை ஒட்டிப் பதிவு. 2014இல் 68ஐ ஒட்டி. திருவிழா கெடுத்துவிட்டது என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன், 2024 வரை.

2024இல் மோதல் எதுவும் இல்லை. ஏப்ரல் 19 வெள்ளிக்கிழமை தேர்தல். அழகர் ஆற்றில் இறங்கியது 23, செவ்வாய்க்கிழமை. நடுவில் மூன்று நாள் தாராளமாகக் கிடந்தது. மதுரையில் பதிவானது 62 சதவீதம்.

இதற்கு நான் கண்டுபிடித்த காரணம் என் தம்பி. திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். ஓட்டு மேலூர்ப் பக்கம் எங்கள் ஊரில். 2019இல் குடும்பத்தோடு வந்தான், தேர் பார்த்தான், ஓட்டுப் போட்டான், அழகரைப் பார்த்தான், போய்விட்டான். ஒரே டிக்கெட்டில் எல்லாம். 2024இல் போனில் சொன்னான்: "யக்கா, ஒரு வாரத்துல ரெண்டு தடவ வர முடியாது. ஒண்ணு ஓட்டுக்கு வரணும், இல்ல அழகருக்கு வரணும்." எதற்கு வந்தான் என்று கேட்காதீர்கள். மதுரைக்காரன் எதற்கு வருவான்?

வாக்குப்பதிவு நாளில் சம்பளத்தோடு விடுமுறை கொடுக்க வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 135பி என்று ஒரு பிரிவே இருக்கிறது. அது ஒரு நாள். திருப்பூரிலிருந்து எங்கள் ஊருக்கு இரண்டு பஸ் மாற வேண்டும், தேர்தலுக்கு முந்தின ராத்திரி பஸ்ஸில் நிற்கக்கூட இடம் இருக்காது. போக ஒரு ராத்திரி, வர ஒரு ராத்திரி, பிள்ளைகளோடு. அந்த ஒரு நாள் விடுமுறை உள்ளூர்க்காரனுக்கு மட்டும்தான் விடுமுறை. 2019இல் அழகர் கூட்டிக்கொண்டு வந்த ஓட்டு எவ்வளவு என்று யாரும் எண்ணவில்லை. எண்ணியிருந்தால் "திருவிழா கெடுத்தது" என்று எழுதியிருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம். எங்கள் சாவடியிலேயே சாயங்காலம் வந்தவர்களில் பாதிப் பேர் கையில் டிராவல் பேக்.

"அப்ப பேரைத் திருப்பூருக்கு மாத்திக்க வேண்டியதுதானே?" என்று எங்கள் ஸ்டாஃப் ரூமில் கணக்கு சார் கேட்டார். படிவம் 8 கொடுத்தால் மாற்றலாம். நானே தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். அவன் பதில்: "ஊர்ல பேர எடுத்துட்டா நாளைக்கு தலைக்கட்டு வரிக்கு என்னய கூப்புடுவாங்களா?" வாக்காளர் பட்டியலுக்கும் கோயில் வரிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனால் வாடகை வீட்டை ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றுகிறவனுக்கு, தன் பேர் அச்சில் இருக்கிற ஒரே இடம் அந்த ஊர்ப் பட்டியல். அதை விடச் சொன்னால் ஊரை விடச் சொன்ன மாதிரி.

இவன் மாதிரி ஆட்களுக்காக ஆணையம் ஒரு இயந்திரம் யோசித்தது. வேலை பார்க்கிற ஊரிலேயே சொந்தத் தொகுதிக்கு ஓட்டுப் போடுகிற தொலைதூர வாக்குப்பதிவு இயந்திரம். ஒரே சாவடியில் 72 தொகுதிகள் வரை கையாளும் என்றார்கள். 2023 ஜனவரியில் கட்சிகளைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். எதிர்க்கட்சிகள் ஒத்துக்கொள்ளவில்லை. திருப்பூரில் மேலூர்த் தொகுதிக்கு யார் போய் ஏஜென்டாக உட்காருவது என்று நினைத்துப் பார்த்தால் அவர்கள் தயங்கியதும் புரிகிறது. 2024 தேர்தலில் அது வரவில்லை.

கணக்கு சாருக்கு வருகிறேன். அவருக்குச் சென்னைக்காரர்கள் மேல் தீராத கோபம். 2024இல் தருமபுரியில் 81.20 சதவீதம், மத்திய சென்னையில் 53.96. "படிச்சவன், ஏசி ரூம்ல இருக்கறவன், பூத் பக்கத்துலயே இருக்கு, வரமாட்டான் சார். ஓட்டுப் போடாதவனுக்கு ரேஷனை நிறுத்தணும்" என்பார். (ஏசி ரூமில் இருப்பவன் எந்த ரேஷன் கடையில் நிற்கிறான் என்று கேட்டேன், அது வேறு சண்டை.)

நான் அவர் பாஷையிலேயே சொன்னேன். சார், சதவீதம் என்றால் மேலே ஒரு எண், கீழே ஒரு எண். நீங்கள் மேல் எண்ணையே திட்டுகிறீர்கள். கீழ் எண்ணைப் பாருங்கள். பட்டியலில் நூறு பேர். அதில் இருபது பேர் வீடு மாறிப் போய்விட்டார்கள், செத்துப் போனார்கள், அல்லது பேர் ரெண்டு இடத்தில் இருக்கிறது. நிஜமாக அங்கே இருப்பது எண்பது பேர். அறுபது பேர் வந்து ஓட்டுப் போட்டால் நீங்கள் 60 என்று எழுதுவீர்கள். நிஜத்தில் 75.

இது கற்பனைக் கணக்கு என்று அப்போது சிரித்தார். 2025 டிசம்பரில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பிறகு வரைவுப் பட்டியல் வந்ததும் சிரிப்பு நின்றது. 6 கோடியே 41 லட்சம் இருந்த தமிழ்நாட்டுப் பட்டியல் 5 கோடியே 43 லட்சம் ஆனது. 97 லட்சத்துக்கு மேல் பேர் போயிற்று, சென்னையில் மட்டும் 14 லட்சத்துக்கு மேல். இறந்தவர்களும் இரட்டைப் பதிவும் போனதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் "முகவரியில் இல்லை" என்று போனவர்களில் யார் நிஜமாகவே இல்லை, யார் அந்த நேரம் வேலைக்குப் போயிருந்தார்கள் என்பது படிவம் வாங்க வந்தவர் எத்தனை தடவை கதவைத் தட்டினார் என்பதைப் பொறுத்தது. எங்கள் தெருவில் பூட்டிக் கிடந்த வீடு ஒன்று. அந்த அக்கா கேரளாவுக்கு ரப்பர் வேலைக்குப் போனவள், வருஷத்துக்கு நாலு மாசம் ஊரில் இருப்பாள். வரைவில் பேர் இல்லை. படிவம் 6 எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

இனி ஒரு ஆள்கூடக் கூடுதலாக வராமலே சதவீதம் ஏறும். அன்றைக்குக் கணக்கு சார் சென்னைக்காரர்களைப் பாராட்டுவாரா என்று பார்க்க ஆசையாக இருக்கிறது.

சதவீதத்தைப் பற்றி இன்னொன்று. 2024 வாக்குப்பதிவு நாளன்று சாயங்காலம் தமிழ்நாட்டில் 72.09 என்று அறிவித்தார்கள். நள்ளிரவில் அது 69.46 ஆயிற்று. கடைசியில் 69.72. வாட்ஸ்ஆப்பில் என்னென்னவோ ஓடிற்று. சாவடியில் உட்கார்ந்தவர்களுக்கு அதில் ஆச்சரியம் இல்லை. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று கேட்பார்கள். செயலியில் ஏற்ற வேண்டும். வரிசை ஓடிக்கொண்டிருக்கும்போது யார் வட்டங்களை எண்ணிக்கொண்டிருப்பது? ஒருவர் ஏற்றுவார், ஒருவர் ஏற்றமாட்டார், ஒருவருக்கு சிக்னல் இருக்காது. வந்தவரை வைத்து மொத்தத்துக்கும் கணக்குப் போட்டால் அப்படித்தான் வரும். சரியான எண், பதிவான ஓட்டுகளின் கணக்கை எழுதும் 17சி படிவத்தில்தான். அதை எழுதிக் கையெழுத்திட்டு ஏஜென்ட்டுகளுக்கு ஆளுக்கொரு பிரதி கொடுத்த பிறகுதான் நாங்கள் தண்ணீரே குடிப்போம்.

பேர் சிக்கல் பற்றிச் சொன்னேன் இல்லையா. மதுரையில் பி.ஓ. ஒன்றாக உட்கார்ந்தால் தெரியும், ஒரு பாகத்தில், அதாவது ஒரு சாவடியின் பட்டியலில், எத்தனை மீனாட்சி என்று. மீனாட்சி, மீனாட்சியம்மாள், மீனாட்சிசுந்தரி, அங்கயற்கண்ணி. பூத் சிலிப்போடு வந்தால் வரிசை எண்ணைப் பார்த்து ஒரு நொடியில் எடுத்துவிடலாம். சிலிப் வராத தெரு என்று எப்போதும் ஒன்று இருக்கும். அப்போது பட்டியலைப் புரட்ட வேண்டும். தபால்தலை அளவு கறுப்பு வெள்ளைப் படம், ஜெராக்ஸில் எல்லாருமே ஒரே ஜாடை. கணவர் பேரைக் கேட்டுத்தான் பிரிக்க முடியும்.

2019இல் ஒரு பாட்டி. எண்பதை நெருங்கிய வயசு. "வீட்டுக்காரர் பேர் என்ன ஆத்தா?" என்றேன். பாட்டி என்னைப் பார்த்தார், ஏஜென்ட்டுகளைப் பார்த்தார். "அதெல்லாம் சொல்லப்புடாதுத்தா." "இங்க சொல்லலாம் ஆத்தா, சர்க்கார் காரியம்." "அவுக போயிச் சேந்து பதினஞ்சு வருசமாச்சு. இருந்தப்பவே சொன்னதில்ல." பின்னால் வரிசை முனகுகிறது. பாட்டி யோசித்துவிட்டு ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். "அந்தா, மலை மேல இருக்காருல்ல, கோமணத்தோட. அவரு பேரு." பழனியாண்டி. வரிசை எண் கிடைத்தது. கோடு போட்டு வட்டம் போட்டேன்.

முதல் பொதுத்தேர்தலுக்கு, 1951-52க்கு, பட்டியல் தயாரித்தபோது வட மாநிலங்களில் பெண்கள் தங்கள் பேரைச் சொல்லாமல் இன்னார் மனைவி, இன்னார் மகள் என்று மட்டும் சொன்னார்கள். முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அப்படிப் பதியக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். கிட்டத்தட்ட 28 லட்சம் பெண்களின் பேர் பட்டியலில் இல்லாமல் போனது. அவர் செய்தது சரிதான் என்று படித்தபோது நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன். அடுத்த தேர்தலில் நிறையப் பேர் பேர் சொன்னார்கள். ஆனால் பழனியாண்டிப் பாட்டியைப் பார்த்த பிறகு, அந்த 28 லட்சம் பேரையும் "ஆர்வமில்லாதவர்கள்" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

2021 சட்டமன்றத் தேர்தல் கொரோனாத் தேர்தல். ஒரு சாவடிக்கு ஆயிரம் பேருக்கு மேல் கூடாது என்று பிரித்தார்கள். 68 ஆயிரத்தை ஒட்டி இருந்த சாவடிகள் 88,937 ஆயின. வரிசை குறைந்தது உண்மை. அவ்வளவு சுகமாக நான் வேலை பார்த்ததே இல்லை. வாசலில் நெற்றியில் வெப்பமானி, வலது கைக்கு ஒரு பிளாஸ்டிக் உறை, கடைசி ஒரு மணி நேரம் தொற்று உள்ளவர்களுக்கு, அதற்கு எங்களுக்குத் தலையிலிருந்து கால் வரை கவச உடை. ஆனால் முப்பது வருஷமாக ஒரே அறையில் ஓட்டுப் போட்டவர் அதே அறையில் வந்து நின்று, முக்கால் மணி நேரம் கழித்து என் மேசைக்கு வந்து, "உங்க பேரு பின்னாடி கட்டடத்துல இருக்குங்கய்யா" என்று நான் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். ஒருவர் பின்னாடி கட்டடத்துக்குப் போகவில்லை. நேராக கேட்டைப் பார்த்து நடந்தார். கூப்பிட்டேன், திரும்பவில்லை.

2022 பிப்ரவரியில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் வந்தபோது இதே கதை இன்னும் பெரிதாக. பதினோரு வருஷம் கழித்து நடந்த தேர்தல். அது மாநிலத் தேர்தல் ஆணையத்தின் காரியம். வார்டு எல்லைகள் வேறு, பட்டியல் வார்டு வாரியாகப் பிரித்து அடுக்கியது. கணவன் ஒரு வார்டு, மனைவி ஒரு வார்டு என்று எத்தனை வீடு. பேரூராட்சிகளில் 74.68 சதவீதம், மாநகராட்சிகளில் 52.22, சென்னையில் 43.59. பேரூராட்சியில் வேட்பாளரே மாமன் மச்சான், கையைப் பிடித்து சரியான அறைக்குக் கூட்டிப்போவார். மாநகராட்சியில் கவுன்சிலர் யாரென்றே தெரியாதவர், தன் பேர் எந்தப் பள்ளிக்கூடத்தில் என்று தேடிக்கொண்டு மூன்று தெரு அலைவாரா?

சரி, எல்லா ஏற்பாடும் ஒழுங்காக இருந்தால் ஓட்டுக் கூடிவிடுமா என்றால், அதற்கும் என்னால் சூடம் அணைக்க முடியாது. 2011 சட்டமன்றத் தேர்தலில் காலை எட்டு முதல் மாலை ஐந்து வரைதான் நேரம். 78 சதவீதத்தை ஒட்டிப் பதிவானது. பிறகு ஏழு முதல் ஆறு ஆக்கினார்கள். 2016இலும் 2021இலும் அந்த எண்ணைத் தாண்டவில்லை. 2011இல் ஊரே ஏதோ ஒரு வேகத்தில் இருந்தது. அதை நேர நீட்டிப்பில் கொண்டுவர முடியாது.

2024இல் எனக்கு டியூட்டி திருமங்கலம் பக்கம். மதுரை மாவட்டம்தான், ஆனால் விருதுநகர் மக்களவைத் தொகுதி. திருமங்கலம் என்றதும் நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று தெரியும். 2009 ஜனவரி இடைத்தேர்தலில் 89 சதவீதத்தை ஒட்டிப் பதிவு. காலைப் பேப்பருக்குள் பணக் கவரும் பூத் சிலிப்பும் சேர்ந்து வந்த கதை ஊரறிந்தது. 'திருமங்கலம் ஃபார்முலா' என்று பேரே வைத்துவிட்டார்கள். அந்த சிலிப்பில் வரிசை எண், பாக எண், பள்ளிக்கூடத்தின் பேர் எல்லாம் பிழையில்லாமல் இருந்திருக்கும், சந்தேகமே வேண்டாம். வாசல் வரை வண்டியும் வந்திருக்கும். வாக்காளரைச் சாவடிக்குக் கூட்டிவருவது எப்படி என்று கவர் கொடுப்பவர்களுக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது. அதனால்தான் "வரலாறு காணாத வாக்குப்பதிவு" என்று தலைப்பைப் பார்த்தால் நான் உடனே கைதட்டுவதில்லை. 2019இல் வேலூரில் பணம் பிடிபட்டுத் தேர்தலே ரத்தாகி ஆகஸ்ட் 5க்குப் போனது. ஏப்ரல் 18க்காக ஊருக்கு வந்த வேலூர்க்காரர்கள் வந்த வழியே திரும்பியிருப்பார்கள்.

என் ஓட்டுக் கதை மிச்சம் இருக்கிறது. சட்டமன்றத் தேர்தல் என்றால் சொந்தத் தொகுதியில் டியூட்டி போடமாட்டார்கள், தபால் ஓட்டுதான். 2016இல் தபாலில் வந்த கவரைப் பிரித்தால் கவருக்குள் கவர். 13ஏ உறுதிமொழி, 13பி உள்கவர், 13சி வெளிக்கவர். உறுதிமொழியில் கெசட்டட் அதிகாரி சான்றொப்பம் இட வேண்டும். எனக்குத் தெரிந்த பெரிய அதிகாரி எங்கள் தலைமை ஆசிரியர்தான். அவரிடம் கையெழுத்து வாங்கி, ஒட்டி, அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்தேன்.

அந்தத் தேர்தலில் ராதாபுரத்தில் 49 ஓட்டு வித்தியாசத்தில் வெற்றி. 203 தபால் ஓட்டுகளைச் செல்லாது என்று ஒதுக்கியிருந்தார்கள். காரணம், அவற்றில் சான்றொப்பம் இட்டவர்கள் தலைமை ஆசிரியர்கள், அவர்களுக்கு அந்த அதிகாரம் இல்லை என்பது. வழக்கு மூன்று வருஷம் நடந்தது. 2019 அக்டோபரில் அவற்றையும் சேர்த்து மறுபடி எண்ணச் சொன்னது உயர் நீதிமன்றம். எண்ணினார்கள். முடிவை அறிவிக்க உச்ச நீதிமன்றம் தடை போட்டது. அந்தச் செய்தியை ஸ்டாஃப் ரூமில் படித்துக்கொண்டிருந்தபோது தலைமை ஆசிரியர் எதிரில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். ரெண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. என் கவரை எந்தக் கூடையில் போட்டார்களோ.

2019இல் தேரோட்டத்தன்று எனக்கு அதிர்ஷ்டம். மேலூரும் மதுரை மக்களவைத் தொகுதிக்குள் வருவதால், தேர்தல் பணிச் சான்றிதழ் கொடுத்து நான் வேலை பார்த்த சாவடியிலேயே இயந்திரத்தில் போட முடிந்தது. கூட்டம் இல்லாத காலை நேரத்தில் எழுந்து போய் மறைவுக்குப் பின்னால் நின்றேன். ஏழு நொடி அந்தச் சீட்டு கண்ணாடிக்குப் பின்னால் தெரிந்து விழுந்தது. வீதியில் வேட்டு.

2024இல் திருமங்கலம் என்றதால் மறுபடி தபால் ஓட்டு. ஆனால் இப்போது விதி மாறிவிட்டது. கவரை வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது, பயிற்சி நாளிலேயே அதற்கென்று வைத்த மையத்தில் போட்டுவிட வேண்டும். பயிற்சி வகுப்பு முடிந்து, வரிசையில் நின்று, அட்டைத் தடுப்புக்குப் பின்னால் போட்டேன். சான்றொப்பம் இட அங்கேயே அதிகாரி உட்கார்ந்திருந்தார். யாரையும் தேட வேண்டியதில்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால் இதைச் செய்திருக்கலாம்.

வாக்குப்பதிவு அன்று பி.ஓ. இரண்டாக வந்த சின்னப் பெண்ணுக்கு மதியத்துக்கு மேல் தலைசுற்றல். ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை, பாத்ரூம் போக வேண்டி வரும் என்று தண்ணீரும் குடிக்கவில்லை. அவளைப் பட்டியல் பக்கம் உட்காரவைத்து மை பாட்டிலை நான் வாங்கிக்கொண்டேன். சாயங்காலம் வரை விரல் விரலாக, நகத்தின் மேலிருந்து முதல் கணு வரை.

இயந்திரத்தை ஒப்படைத்துவிட்டுப் பஸ் ஏறும்போது விடிந்துவிட்டது. கம்பியைப் பிடித்த என் வலது கையில் கட்டைவிரலிலிருந்து மணிக்கட்டு வரை மை. பக்கத்து சீட்டில் பூக்கூடையோடு ஒரு அம்மா. என் இடது கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். சுட்டுவிரல் சுத்தமாக இருந்தது.

"ஏத்தா, படிச்ச புள்ளயாட்டம் இருக்க. நீ ஓட்டுப் போடலயா?"